கார்டில் இருக்கும் அக்கா

அத்தியாயம் 14

சௌந்தரியின் கழுத்துக் கட்டியை அறுத்து எடுத்தே ஆகவேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி நாலு நாள் ஆகிவிட்டது. வருகிற திங்கட்கிழமை அட்மிஷன். அதற்கு முன்னால் தொழிற்பேட்டை எஸ்டேட் பக்கத்தில் இருக்கும் தொழிலாளர் காப்பீட்டு இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போய், டாக்டரம்மாவிடம் ஒரு கடிதம் வாங்கி வர வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

ஐப்பசி மழை இரண்டு நாளாக விட்டிருந்தது. கொரட்டூர் ஏரி கரை தளும்ப நிறைந்து, காலை எட்டு மணிக்கும் பனிப்புகையைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. ஏரிக்கரை ஓரமாக வந்துகொண்டிருந்த சௌந்தரிக்குத் தான்தான் நடக்கிறோமா, யாரோ கையைப் பிடித்து நடத்திப் போகிறார்களா என்பது சரியாகப் புரியவில்லை.

கட்டி வந்த இந்த ஆறு மாதமாகவே அப்படித்தான். உடம்பு எந்நேரமும் பாதித் தூக்கத்தில் இருந்தது. சோறு வடிக்கும்போது, துணி பிழியும்போது, யாராவது பேசிக்கொண்டிருக்கும்போதே, கண்ணுக்கு முன்னால் மெல்லிசாக ஒரு திரை வந்து விழும். திரைக்கு அந்தப் பக்கம் எல்லாரும் நல்லபடியாகத்தான் இருப்பார்கள். சத்தம் மட்டும் கொஞ்சம் தள்ளிக் கேட்கும்.

டிஸ்பென்சரியில் பெஞ்சு நிறைய ஆட்கள். கன்னியம்மாள் நகர்ந்து இடம் விட்டாள். பழைய கொரட்டூர்க்காரி. நிலமெல்லாம் பிளாட் ஆன பிறகு அவள் வீட்டு ஆண்கள் பட்டறை வேலைக்குப் போகிறார்கள்.

"இன்னாம்மா ஞானகுமாரி, கட்டி இன்னும் பெர்சாயிட்ச்சு போலகீதே?"

"ஆபரேஷன் சொல்லிட்டாங்க அக்கா."

"பயப்படாத. எங்க ஊட்டுக்காரன் நெஞ்சு நோவுல படுத்தப்போ பதினோரு மாசம் மருந்து குட்த்தாங்கோ. படுத்த நாளுக்குப் பாதி சம்பளமும் வந்துச்சு. இது இல்லன்னா அந்தாளு இன்னிக்கு போட்டோவுலதான் இருந்திருப்பான்." கன்னியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா என் பையன் கதையக் கேளு. கம்பெனில சேந்து ஒரு வருசம் ஆச்சு. மாசாமாசம் சம்பளத்துல பிடிச்சிகினுதான் கீறாங்க. கார்டு மட்டும் வரவே இல்ல. மேஸ்திரியக் கேட்டா வரும், போன்னு சொல்றான். நேத்து விரல் நசுங்கிப் போச்சு. காச குட்த்து வெளிய கட்டுப் போட்டுகினு வந்தான். அப்பனுக்கு சாமி மாதிரி வந்த கார்டு, புள்ளைக்கு வரமாட்டேங்குது பாரு."

"ஞானகுமாரி! கிறிஸ்துதாஸ் சம்சாரம் ஞானகுமாரி!"

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். சௌந்தரி எழுந்தாள்.

அது அவள் பேர் இல்லை. அவளுடைய அக்கா பேர். ஏழு வருஷத்துக்கு முன்னால், எண்பத்திரண்டில், மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த அக்கா.

கிறிஸ்துதாஸ் ஸ்பிரிங் கம்பெனியில் சேர்ந்தபோது மனைவி என்று எழுதிக் கொடுத்தது ஞானகுமாரியின் பேரை. குமாரி போகும்போது குழந்தை ரெஜினாவுக்கு இரண்டரை வயது. அடுத்த வருஷம் கோயிலில் பத்துப் பேரை வைத்துக்கொண்டு சௌந்தரியைக் கட்டிவைத்தார்கள். தாலி ஏறியும் அக்கா புருஷனை அவள் எப்போதும் போல மாமா என்றுதான் கூப்பிட்டாள். குழந்தை அவளை அம்மா என்று கூப்பிட்டது. அந்த வருஷமே ஒருநாள் காய்ச்சல் வந்தபோது கிறிஸ்துதாஸ் கார்டை எடுத்துக் கொடுத்தான். இதே கவுண்டரில் ஞானகுமாரி என்று கூப்பிட்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது தடவை கூப்பிட்டபோது அவள் எழுந்தாள்.

முதலில் பயமாக இருந்தது. அப்புறம் வெட்கமாக இருந்தது. போகப் போக, அந்தப் பேரைக் கூப்பிடும்போதெல்லாம் அவளோடு சேர்ந்து இன்னொருத்தியும் பெஞ்சிலிருந்து எழுந்திருப்பது போலத் தோன்ற ஆரம்பித்தது. நீலப்பூ போட்ட வாயில் துணிப் புடவை. தலைக்குக் குளித்த ஈரப் பின்னல். அக்காதான். மருந்து வாங்கித் திரும்பும் வழியெல்லாம் ஒன்றும் பேசாமல் கூடவே வருவாள். ரயில்வே கேட் வந்ததும் காணாமல் போய்விடுவாள். உடம்புக்கு முடியாத நாட்களைச் சௌந்தரி அவ்வளவாக வெறுக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

டாக்டர் சுசீலா இந்த டிஸ்பென்சரிக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. மேஜை மேல் பழுப்பு உறையைப் பிரித்து, உள்ளே இருந்த பழைய தாள்களை ஒவ்வொன்றாக விரித்தாள்.

"ஞானகுமாரி. வயசு முப்பத்திநாலு." கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சிரித்தாள். "பாத்தா தெரியலையேம்மா."

சௌந்தரியும் சிரித்தாள். அவளுக்கு இருபத்தொன்பது.

டாக்டர் கடிதம் எழுதத் தொடங்கினாள். பாதியில் பேனா நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பரிசோதனைச் சீட்டை எடுத்து உறையிலிருந்த தாளின் பக்கத்தில் வைத்தாள்.

"போன வாரம் அங்க ரத்தம் எடுத்தாங்களா?"

"எடுத்தாங்க மேடம்."

"இதுல பி பாசிட்டிவ்னு இருக்கு. இங்க ஒம்பது வருஷத்துக்கு முந்தி ஏ பாசிட்டிவ்னு எழுதியிருக்கு. ரத்த வகை வயசோட மாறாதும்மா."

மின்விசிறி கடகடவென்று ஓடியது.

"சரி, எங்கயோ தப்பா எழுதியிருப்பாங்க. இன்னொண்ணு. முதல் பிரசவம் வயித்தைக் கிழிச்சு எடுத்திருக்கு. மயக்க மருந்து ஒத்துக்கல, மூச்சுத் திணறிப் போச்சுன்னு சிவப்பு மையில கோடு போட்டு வச்சிருக்காங்க. அங்க மயக்க மருந்து குடுக்கற டாக்டருக்கு இதை நான் எழுதியாகணும். அந்தப் பக்கம் போய்ப் படு. தழும்பைப் பாத்துடறேன்."

திரைச்சீலைக்குப் பின்னால் படுத்துக்கொண்டபோது சௌந்தரிக்கு வியர்த்தது. கூரையில் ஒரு பல்லி அசையாமல் இருந்தது. டாக்டரின் குளிர்ந்த விரல்கள் வயிற்றில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடின. தேடிவிட்டு நின்றன.

"நீ யாரும்மா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெருவில் வழி தவறி நிற்கும் குழந்தையைக் கேட்பது போலக் கேட்டாள்.

"சௌந்தரி," என்றாள். அந்தக் கட்டடத்துக்குள் அவள் தன் பேரைச் சொல்வது அதுதான் முதல் தடவை. குரல் கட்டியில் இடித்துக்கொண்டு வெளியே வந்தது. "ஞானசௌந்தரி. அவங்க எங்க அக்கா."

எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது டாக்டர் சுசீலா உறையை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள். இப்போதுதான் கோபம் வந்தது.

"செத்துப்போனவங்க உடம்புக் கணக்கை வச்சு உயிரோட இருக்கறவளுக்கு மயக்க மருந்து குடுக்கச் சொல்றியா? ஒரு அவசரத்துக்கு இந்தத் தாளைப் பாத்து யாராவது ரத்தம் ஏத்திட்டா என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியாது மேடம். திருட்டுத்தனமா மருந்து வாங்கறேனேன்னு மட்டும்தான் பயம்."

டாக்டர் பெருமூச்சு விட்டாள்.

"அதுதான் வேடிக்கை. இதுல திருட்டே இல்ல. நீ அவர் சம்சாரம். உன் பேர்லயே உனக்குக் கிடைக்க வேண்டியது இது. ஆறு வருஷமா உன் சொத்தை அடுத்தவ பேர்ல வாங்கிட்டிருக்கே." கடிதத்தை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டாள். "இந்தப் பேருக்கு நான் எழுத மாட்டேன். கம்பெனில பேரை மாத்தி முத்திரை போட்டு வாங்கிட்டு வா. வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தா திங்கட்கிழமை தேதி கைவிட்டுப் போகாம நான் பேசிக்கறேன். விட்டா அடுத்த தேதி பொங்கலுக்கு அப்புறம்தான். பொங்கல் வரைக்கும் காத்திருக்கற கட்டி இல்லம்மா இது. மூச்சுக்குழாயை அழுத்த ஆரம்பிச்சிருக்கு."

எழுந்து வாசல் வரை வந்தவளை, "சௌந்தரி!" என்று கூப்பிட்டாள். சௌந்தரிக்கு யாரைக் கூப்பிடுகிறார்கள் என்றே ஒரு நிமிஷம் விளங்கவில்லை.

"ராத்திரி தலையைக் கொஞ்சம் உயரமா வச்சுப் படு."

எஸ்டேட் ரோட்டில் இறங்கி நடந்தாள். லாரிகள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போயின. பக்கத்தில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அக்கா வரவில்லை.

ஸ்பிரிங் கம்பெனி கேட்டுக்கு உள்ளே இடதுபக்கம், ஆட்களின் வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸ். உலகநாதன் இருபது வருஷமாக அங்கே உட்கார்ந்திருக்கிறார். சௌந்தரி சொன்னதைத் தலையை ஆட்டியபடியே கேட்டார். அலமாரியிலிருந்து ஒரு பாரத்தை உருவி அவள் முன்னால் வைத்தார்.

"இது மூணாவது பாரம்மா."

"மூணாவதா?"

"மொத தபா உங்க கல்யாணம் ஆனப்போ நானே கூப்ட்டுக் குடுத்தேன். அப்புறம் எண்பத்தஞ்சுல ஒண்ணு. ரெண்டும் எழுதாமயே திரும்பி வந்துச்சு. அடுத்த மாசம் பாத்துக்கறேன் சார்னுவாரு. அதுக்கு மேல நான் இன்னா கேக்கறது? ஒரு மனுசனோட ஊட்டு விசயம்."

சௌந்தரி பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அலைச்சலுக்குப் பயந்துதான் மாமா மாற்றாமல் இருக்கிறார், ஆபீஸ்காரர்கள் இழுத்தடிக்கிறார்கள் என்றுதான் இத்தனை நாளாக நினைத்திருந்தாள்.

"கஷ்டமான வேலையா சார் இது?"

"அரை மணி நேர வேலைம்மா. மேல பழைய பேரு டைப் அடிச்சிகீது பாருங்க, அத செவப்பு மையில கோடு போட்டு அடிக்கணும். கீழ உங்க பேரு, வயசு, கல்யாணத் தேதி. எல்லாம் இங்கிலீஷ்ல. கடைசில அவரு கையெழுத்து. கூட இறப்பு சர்ட்டிபிகேட், கோயில்ல குட்த்த கல்யாண சர்ட்டிபிகேட். நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு இ.எஸ்.ஐ. ஆபீசுக்குத் தபால் பை கிளம்பும். அதுல போட்டுட்டா வெள்ளிக்கிழமை முத்திரையோட என் மேஜைக்கு வந்துடும். நாளைக்கு விட்டுட்டா அடுத்த பை அடுத்த புதன்தான்."

சாப்பாட்டு மணி அடித்தது. வாதாமரத்தடியில் நின்றவளைப் பார்த்ததும் கிறிஸ்துதாஸ் வேகமாக வந்தான். உள்ளங்கையெல்லாம் எண்ணெய்க் கறுப்பு.

"இன்னா சௌந்தரி, இங்க வந்துட்ட? டாக்டரம்மா கடிதாசி குடுத்தாங்களா?"

அவள் பாரத்தை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. கை அழுக்காக இருக்கிறது என்பது போல காக்கிக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"கண்டுபிடிச்சிட்டாங்களா?"

"ரத்தம் வேறயாம். வயித்துல தழும்பு இல்லன்னு பாத்துட்டாங்க. ஏன் மாமா ரெண்டு பாரத்தையும் வாங்கி வாங்கித் திருப்பிக் குடுத்தீங்க?"

கிறிஸ்துதாஸ் மரத்தடியில் உட்கார்ந்தான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. கல்யாணமான ஆறு வருஷத்தில் அவன் தொடர்ந்து பத்து வார்த்தை பேசி அவள் கேட்டதில்லை.

"அவ கண்ணு மஞ்சளாப் பூத்தப்போ இந்தக் கார்டு என் சட்டைப் பாக்கெட்லதான் இருந்துச்சு," என்றான். "ஒரு நாள் லீவு போட்டிருந்தா டிஸ்பென்சரிக்குக் கூட்டியாந்திருக்கலாம். ஓவர்டைம் போயிடுமேன்னு பாத்தேன். திருமழிசைப் பக்கம் பச்சிலை குடுக்கறாங்கன்னு எவனோ சொன்னான். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா அங்க தூக்கினு போனேன். கார்டு இருந்துச்சு சௌந்தரி. அதுல அவ பேரும் இருந்துச்சு. கூட்டினு போற ஆள்தான் இல்ல. இப்ப அந்தப் பேர என் கையாலயே அடின்னா..."

வாதாமர இலையொன்று சிவப்பாக அவன் காலடியில் விழுந்தது. சௌந்தரிக்கு மறுபடியும் அந்தத் திரை வந்து விழுந்தது. அதற்கு அப்பால் உட்கார்ந்திருந்த மனுஷன் தன் புருஷனாகவும் இருந்தான், அக்காவின் புருஷனாகவும் இருந்தான்.

"ரெஜினா வேற கீறா," என்றான் மெதுவாக. "ஸ்கூல்லயும் அதே பேருதான். அவளுக்கு நீதான் அம்மா. பேர மாத்தினா எல்லாத்தையும் சொல்லணும். பத்து வயசுப் புள்ள. எதுக்குன்னுட்டு..."

"திங்கட்கிழமை நான் அந்த மேஜைலயே போயிட்டேன்னா எந்தப் பேர எழுதுவீங்க மாமா?"

"அப்பிடில்லாம் பேசாத."

"அக்கா ரெண்டாந்தபா செத்ததாத்தான் எழுதுவாங்க. நான் செத்ததா எங்கயும் இருக்காது. இருந்ததாவும் இருக்காது."

அவன் நிமிர்ந்து அவள் கழுத்தைப் பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே போகச்சொல்லி மணி அடித்தது.

"எழுதி வை," என்றான். "சாயந்திரம் வந்து பாக்கறேன்."

கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லவில்லை. அதைச் சௌந்தரி கவனித்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் முனைக்கடையில் ஒரு சிவப்புப் பேனா வாங்கினாள். டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து அக்காவின் இறப்புச் சர்ட்டிபிகேட்டையும், தன் கல்யாணச் சர்ட்டிபிகேட்டையும் எடுத்து மேஜையில் வைத்தாள். இரண்டுமே மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டு டீச்சரம்மாவை எழுதச் சொல்லலாம் என்று நினைத்தபடியே சுவரில் சாய்ந்தவள் கண்ணயர்ந்துவிட்டாள். கனவில் அக்கா ஏரித் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தால், எந்தப் பேரென்று நினைவுக்கு வரவில்லை.

ஓட்டின் மேல் மழைச் சத்தம் கேட்டு விழித்தபோது ரெஜினா பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்தாள். நனைந்த ரிப்பனை அவிழ்த்துப் போட்டுவிட்டு மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"இன்னா பாரம்மா இது? இங்கிலீஷ்ல கீது. நான் எழுதட்டுமா?"

சௌந்தரி பதறி எழுந்தாள். அதற்குள் குழந்தை பழுப்பேறிய சர்ட்டிபிகேட்டைக் கையில் எடுத்துவிட்டது.

"இறந்தவர் பெயர், ஞானகுமாரி," என்று வாய்விட்டுப் படித்தாள். "கணவர் பெயர், கிறிஸ்துதாஸ்."

அழுவாள், கேள்வி கேட்பாள் என்று சௌந்தரி எதிர்பார்த்தாள். ரெஜினா காகிதத்தை இருந்த இடத்திலேயே பத்திரமாக வைத்தாள்.

"கல்லறைல எழுதிகீற பேரு," என்றாள்.

"அது உனக்கெப்பிடித் தெரியும்?"

"ரெண்டாங்கிளாஸ்லயே எழுத்துக் கூட்டிப் படிச்சிட்டேனே. போன வாரம் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி வச்சோமே, அப்பவும் படிச்சேன். சிலுவைல வெள்ளைப் பெயிண்ட்ல கீது." கொஞ்சம் தயங்கினாள். "நீ பெரியம்மா கல்லறைன்னு சொல்லுவ. ஆனா டிஸ்பென்சரில அந்தப் பேரக் கூப்ட்டா நீதான் எழுந்து போற. ஸ்கூல்லயும் அம்மா பேரு அதான். அப்ப அது நீதானே?"

சௌந்தரி கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நீ இன்னா நெனச்சிகினு இருந்த ரெஜி?"

"நீ செத்துப்போயி, மூணாம் நாள் எழுந்து வந்துட்டேன்னு." இதைச் சொல்லும்போது குரல் மிகவும் தாழ்ந்துவிட்டது. ஜன்னல் பக்கம் யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துக்கொண்டாள். "யார்கிட்டயும் சொல்லல. சொன்னா நீ திரும்பிப் போயிடுவியோன்னு."

மூன்று வருஷமாக ஒரு குழந்தை இந்த ரகசியத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறது. கல்லறையில் அவள் பக்கத்தில் நின்று, அவளுக்கே மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறது. சௌந்தரி அவளை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். மடிக்கு அடங்காத அளவுக்கு வளர்ந்திருந்தாள்.

"நான் எங்கயும் போய்த் திரும்பி வரல ரெஜி. நான் எப்பவும் இங்கயேதான் இருந்தேன். போனது எங்க அக்கா. அவங்கதான் உன்னப் பெத்தவங்க. நான் உனக்குச் சித்தி. உனக்கு ரெண்டரை வயசுல அவங்க போனதும், நான் உன்னத் தூக்கினேன். அதுக்கப்புறம் எறக்கவே இல்ல."

மழை வலுத்தது. ரெஜினா சௌந்தரியின் கழுத்துக் கட்டியை ஒரு விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப நீ ஒரு தபாகூடச் சாவலையா?"

"இல்ல."

"அப்ப இனிமே செத்துப்போவலாமா?"

சௌந்தரி அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு தபா செத்து எழுந்து வந்தவங்க மறுபடி சாவமாட்டாங்கன்னு நெனச்சிகினு இருந்தேன்," என்றாள் ரெஜினா. "அதான் அப்பா ஆபரேஷன்னு சொன்னப்போ எனக்கு பயமே வரல. இப்ப பயமா கீதும்மா."

"எனக்கும்தான் பயமா கீது," என்றாள் சௌந்தரி.

அதைச் சொன்ன பிறகு இரண்டு பேராலும் அழ முடிந்தது. சத்தமில்லாமல் அழுதார்கள். ஓட்டிலிருந்து சொட்டிய தண்ணீர் அடுக்களைக் குண்டானில் விழுந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ரெஜினா பாவாடையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேஜைக்குப் போனாள்.

"உன் பேரு சொல்லு. முழுசா."

"ஞானசௌந்தரி."

பெரிய எழுத்தில், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கட்டம் விட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். கட்டங்கள் பத்தவில்லை. கடைசி இரண்டு எழுத்தைக் கோட்டுக்கு வெளியே எழுதினாள். வயது இருபத்தொன்பது. கல்யாணத் தேதி, சர்ட்டிபிகேட்டைப் பார்த்து. இன்ஷூர் செய்தவருக்கு என்ன உறவு என்று கேட்டிருந்த இடத்தில், மனைவி.

"இங்க எனக்கு நீ இன்னா வேணும்னு கேக்கவே இல்ல," என்றாள்.

"கேட்டா இன்னா எழுதுவ?"

ரெஜினா யோசித்தாள். "இடம் பத்தாது," என்றாள்.

கடைசியாகச் சிவப்புப் பேனாவை எடுத்தாள். மேலே டைப் அடித்திருந்த பேருக்கு நேராகக் கொண்டுபோனாள். பேனா காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்றது.

"நான் அடிக்க மாட்டேன்." பேனாவை மூடி வைத்தாள்.

"வேணாம். அப்பா வரட்டும்."

கிறிஸ்துதாஸ் வரும்போது ஆறு மணி ஆகிவிட்டது. சைக்கிளைச் சாத்திவிட்டு, செருப்பைக் கழற்றி ஒரு காலை உள்ளே வைத்தான். ரெஜினா பாரத்தை எடுத்துக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றாள்.

"எல்லாம் எழுதிட்டேன்ப்பா. எங்கம்மா பேரு ஒண்ணு மட்டும் நீ அடிக்கணும்."

அவன் மகளைப் பார்த்தான். பிறகு சௌந்தரியைப் பார்த்தான். இன்றைக்கு முதல் தடவையாக முகத்தைப் பார்த்தான். சௌந்தரி ஆமாம் என்று தலையசைத்தாள். அவன் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கண்ணிலிருந்தும்தானா என்று தெரியவில்லை.

"தெரியுமா புள்ளைக்கு?"

"சொல்லிட்டேன் மாமா. கல்லறைப் பேர எப்பவோ படிச்சிருக்கா."

கிறிஸ்துதாஸ் கையைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு பாரத்தை வாங்கினான். மகள் எழுதியிருந்ததை வரி வரியாகப் படித்தான். சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்த பாலிதீன் உறையைக் காலி செய்து, பாரத்தை மடிக்காமல் அதற்குள் செருகிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். கழற்றின செருப்பை மறுபடியும் மாட்டினான்.

"மாமா, நாளைக்கு ஒம்பது மணிக்கு பை போயிடும்."

"தெரியும். உலகநாதன் சார் சொன்னாரு." வாசற்படியில் நின்றபடி, திரும்பாமலே பேசினான். "அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடறேன். சொல்லாம என்னால முடியாது."

மழையில் இறங்கி நடந்தான். ரெஜினா ஆணியில் தொங்கிய குடையை எடுத்துக்கொண்டு, "இருப்பா!" என்று ஓடினாள். தெருவிளக்கு அப்போதுதான் எரிய ஆரம்பித்திருந்தது. மஞ்சள் வெளிச்சத்தில் மழை மெல்லிய நூல் நூலாக இறங்கியது. குடைக்குள் இரண்டு பேரும் ஒன்றாகி, முனையில் கல்லறைப் பக்கம் திரும்பினார்கள்.

சௌந்தரி உள்ளே வந்தாள். மேஜை மேல் சிவப்புப் பேனா அப்படியே கிடந்தது.

மறந்து வைத்துவிட்டுப் போனானா, வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போனானா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்தினாள். அவர்கள் போன வழியிலேயே மழையில் இறங்கினாள்.